அடுப்பெல்லாம் ஒரு கணக்கா

தலைவரம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு குண்டு பல்பு எரிகிற அளவு கரண்ட். அவ்வளவுதான். அதைத் தப்பான ஆளிடம் கேட்டுவிட்டோம் என்பது கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஒரு பாடம் மட்டும் அவளுக்கு மண்டையில் ஏறவே இல்லை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்கில் பழைய செருப்புகளையெல்லாம் ஒழித்துவிட்டு அவள் ஒரு பெட்டி வைத்திருந்தாள். முட்டைகளை அடைகாக்கிற பெட்டி. கண்ணாடி மூடி, உள்ளே ஒரு சின்ன விசிறி, சூடு காட்டும் சிவப்பு எண்கள். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு வாடிக்கையாக வரும் ஒரு பண்ணைக்காரம்மா, தான் பெரிய பெட்டி வாங்கியதும் பழையதை இவளிடம் தள்ளிவிட்டிருந்தாள். கூடவே வாத்து முட்டைகளும். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பிளக்கச் சொல்லியே காலம் கழிக்கிறவளுக்கு, தானாகவே வாயைத் திறக்கப் போகிற ஒன்றைப் பார்க்க ஆசை வந்ததில் குற்றமில்லை.

முதல் தடவை வைத்த முட்டைகள் பொரிய வேண்டிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது. போனது போனதுதான், மறுநாள்தான் வந்தது. முட்டைகள் கல் மாதிரி குளிர்ந்திருந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அலகு, இறகு, கால் விரல்களுக்கு நடுவே சவ்வு என்று எல்லாம் முடிந்து, வெளியே வருவது மட்டும் பாக்கியாக ஒரு குஞ்சு சுருண்டு கிடந்தது. குப்பைக் கூடையில் போட மனசு வராமல் ரோஜாச் செடிக்கு அடியில் குழி பறித்தாள்.

"மத்ததெல்லாம் ஆம்லெட்டுக்கு ஆகாதா?" என்று அவள் தலைக்கு மேலே நின்று கேட்டார் கணவர்.

அவர்தான் தலைவர். தெருக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். தேர்தலன்று கூட்டத்துக்கு வேறு யாரும் வராததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அடுத்த தேர்தலுக்கும் யாரும் வராததால் மறுபடி ஏகமனதாக. தெரு அவரைக் கிண்டலாகத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்தது. அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வகையில் நிற்காமலும் ஜெயிக்காமலும் அவளுக்கு வந்து ஒட்டிக்கொண்ட பதவிதான் தலைவரம்மா.

இரண்டாவது தடவை முட்டை வைத்தபோதுதான் அவள் வாயை விட்டாள்.

"ஏங்க, சின்னதா ஒரு பேட்டரி வாங்கி வச்சா என்ன? கரண்ட் போனா அந்தப் பெட்டி மட்டும் ஓடுற மாதிரி."

"பேட்டரியா?" தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு நீளப் போகிறது என்று அர்த்தம். "தலைவர் வீட்டுல பேட்டரின்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

"பேட்டரின்னு சொல்லுவாங்க."

"உனக்கு எதையும் பெருசா யோசிக்கத் தெரியாது. விடு, நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன் என்று அவர் சொன்ன எதையும் கடைசியில் பார்த்துக்கொண்டது அவள்தான். அந்த வாக்கியம் காதில் விழுந்தாலே அவளுக்கு இடுப்பு வலிக்கும்.

அடுத்த வாரம் ஒரு சின்ன லாரியில் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. சக்கரமும் கைப்பிடியும் வைத்து, கன்றுக்குட்டி அளவில், சிவப்புப் பெயிண்ட் பளபளக்க. கூடவே மாப்பிள்ளையும் இறங்கினார். தலைவருடைய தங்கையின் வீட்டுக்காரர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆனால் மனதளவில் இன்ஜினியர். எந்த மெஷினைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டி, வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியர் மாதிரி தலையை ஆட்டுவார்.

"இது பெட்ரோல்ல ஓடும் தங்கச்சி, சிலிண்டர்ல ஓடும், பைப் கேஸ்லயும் ஓடும்" என்றார், தானே பெற்று வளர்த்தது போல.

"எனக்கு வேண்டியது ஒரு பல்பு கரண்ட் அண்ணே. இது கல்யாண மண்டபத்துக்கே போதும் போலிருக்கே."

"அதான் மச்சானோட மனசு!"

மச்சானின் மனசு பைப் கேஸில் நிலைத்திருந்தது. பெட்ரோல் என்றாலே நாற்றம், தீப்பிடிக்கும், கடை தேடி அலையணும். ஒரு சொட்டுப் பெட்ரோல் இந்த வாசல்படியைத் தாண்டாது என்று சபதமே போட்டுவிட்டார். "பெட்ரோல் தீரும். சிலிண்டர் தீரும். பைப் கேஸ் தீருமா? கடல்மா அது, கடல்!"

"கடல் சரிங்க. நம்ம வீட்டுக்கு வர்ற பைப்பு விரல் தண்டிதான இருக்கு?"

"கடலுக்கும் விரலுக்கும் முடிச்சுப் போடாத."

முதல் சண்டை அதை எங்கே நிறுத்துவது என்பதில். வாசல் முகப்பில், ஹால் ஜன்னலுக்கு நேர் கீழே, தெருவில் போகிறவர் பார்க்கும்படி நிறுத்த வேண்டும் என்பது தலைவரின் ஆசை. ஜன்னல் வழியாகப் புகை வீட்டுக்குள் வரும் என்றாள் அவள். கேஸில் ஓடுகிற வண்டிக்குப் புகையே வராது என்றார் மாப்பிள்ளை.

"கண்ணுக்கும் தெரியாம, மூக்குக்கும் தெரியாம வர்ற புகைதான் அண்ணே, தூங்குறவங்கள எழுப்பாமலே கூட்டிட்டுப் போயிரும். வெளிய, ஜன்னல், கதவ விட்டுத் தள்ளி நிறுத்தணும். இல்லன்னா நானும் முட்டையும் ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கறோம்."

இணைப்புக் கொடுக்க வந்த பைப்புக்காரரும் அதையே சொல்லிவிட்டதால், ஜெனரேட்டர் கொல்லைப்புறத்தில், மதிலோரமாக, தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றது. "பின்னாடி கொண்டு போய் வச்சா யார் பாப்பாங்க?" என்று தலைவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பைப்புக்காரர் லைசென்ஸ் உள்ளவர். அந்த லைசென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவார். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டுதான் எந்த வேலையும் செய்வார். அந்தப் பக்கம் பேசுகிறவருக்கு ஒரு பதில், இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு ஒரு கேள்வி. கேஸ் மீட்டர் பக்கத்திலிருந்து தனியாக ஒரு கிளை இழுத்து, அதற்கு ஒரு அடைப்பான் வைத்து, அதன் முனையில் ரப்பர்க் குழாயை 'டக்'கென்று மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு மூக்குப் பொருத்தினார். முடுக்கிய இடத்திலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வேலையில் குறை சொல்ல முடியாது. நடுவில் போனை மூடிக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"வீட்டுல வேற என்னென்ன கேஸ்ல ஓடுது?"

"வேற ஒண்ணுமில்ல" என்றார் தலைவர்.

"அடுப்பு இருக்கு! கீசர் இருக்கு!" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் அவள்.

"அட, அவரு மெஷினக் கேக்கறாரு. அடுப்பெல்லாம் ஒரு கணக்கா?"

"இல்ல, மீட்டர் சின்னதா இருக்கு" என்றார் பைப்புக்காரர், போனுக்கும் இவருக்கும் பொதுவாக. "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா இழுக்காது. கேஸ் கம்பெனில சொல்லிப் பெருசு போட்டுக்கங்க."

"கம்பெனில நமக்கு ஆள் இருக்கு."

ஆள் இருந்தாரோ இல்லையோ, மீட்டர் மாறவில்லை. பைப்புக்காரருக்கும் அடுத்த வீட்டில் வேலை இருந்தது. அவர் போனவுடன் எலக்ட்ரீஷியன் வந்து, தெருக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒரே நேரத்தில் சேராதபடி ஒரு சுவிட்சு வைத்துவிட்டுப் போனார். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. ஒரு வயரை எடுத்துச் சுவரில் செருகினால் வேலை முடிந்தது என்று மாப்பிள்ளை ஒரு மணி நேரம் வாதாடினார். "அப்படிச் செருகினா கம்பத்துல ஏறி நிக்கிற லைன்மேன் மேல போய் அடிக்கும் சார்" என்றதும், "அதுவும் ஒரு பாயிண்டுதான்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் நடந்தது. ரிப்பன் கட்டி, வெட்டி, கைதட்டி, படம் எடுத்து. சமையலறையில் இருந்தவர்களையும் குளியலறையில் இருந்தவர்களையும் கைதட்ட வெளியே கூப்பிட்டுவிட்டதால், வீட்டில் ஒரு அடுப்பு எரியவில்லை, ஒரு வெந்நீர்க் குழாய் திறக்கவில்லை. ஜெனரேட்டர் தேனீ மாதிரி ரீங்காரமிட்டது. வீடு முழுக்க விளக்கெரிந்தது.

"பாத்தியா?" என்றார் தலைவர்.

அவள் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் எரிகிற விளக்குகளை.

புயல் வந்தது. வரும் வரும் என்று சொல்லி இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு, யாரும் நம்பாத மூன்றாவது தடவை வந்தது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தெருவில் எங்கோ மரம் விழுந்த சத்தம். விளக்குகள் அணைந்தன.

"கரண்ட் போயிருச்சு!" என்று தலைவர் கூவினார். பிள்ளை பிறந்த செய்தியைக்கூட அவர் அத்தனை சந்தோஷமாகச் சொன்னதில்லை.

அவள் ஓடியது மாடிப்படிக்குக் கீழே. அன்று காலையில்தான் ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்திருந்தாள். உள்ளேயிருந்து டொக், டொக் என்று நகத்தால் கதவைத் தட்டுகிற மாதிரி. இன்னொன்றில் ஓடு ஓரிடத்தில் விரிந்திருந்தது. குளிரக் கூடாத நாள் ஒன்று உண்டென்றால் அது இன்றுதான். ஒரு கனத்த போர்வையை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினாள்.

கொல்லையில் ஜெனரேட்டர் உறுமியது. சுவிட்சு திரும்பியது. பெட்டியில் சிவப்பு எண்கள் கண்விழித்தன. பேட்டரி கேட்டவளுக்கு யானை வந்திருந்தாலும், யானை நடந்தால் சரி என்று அவள் ஒரு நிமிஷம் மனப்பூர்வமாக நினைத்தாள். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டாள்.

ஏனென்றால் அதற்குள் தலைவர் தெருக்காரர்களின் போன் குழுவில் பேசி அனுப்பிவிட்டார்: "அன்பான தெரு மக்களே, தலைவர் இல்லத்தில் மின்சாரம் உண்டு. யாரும் பதற வேண்டாம். வந்து போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்." தெரு மக்கள் பதறவில்லை, குடையோடு வந்தார்கள். ஹாலில் இருந்த எல்லாப் பிளக்கிலும் போன்கள் கொடிக்காய் மாதிரி தொங்கின. எதிர்வீட்டு வக்கீல் வந்து, போனோடு தன் குடும்பத்தையும் இறக்கிவிட்டு, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் நாத்தனாரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் எப்போது கரண்ட் போகும் என்று காத்திருந்த மாதிரி.

"வந்தவங்களுக்கு டீ குடுக்காம இருந்தா எப்படி?" என்றார் தலைவர்.

"நான் போடறேன் அண்ணி" என்று நாத்தனார் சமையலறையில் புகுந்தாள். அவள் எதையும் சின்ன அளவில் செய்ய மாட்டாள், அண்ணன் ரத்தம். எல்லா அடுப்புகளிலும் பெரிய பாத்திரங்களை ஏற்றினாள். பால் ஒன்றில், தண்ணீர் ஒன்றில், சர்க்கரை போடாதவர்களுக்குத் தனியாக ஒன்றில். டம்ளர்களைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் வழுவழுப்புப் போகாது என்று வெந்நீர்க் குழாயை முழுசாகத் திருகிவிட்டாள். கீசர் 'குப்'பென்று பற்றிக்கொண்டது.

கொல்லையில் ஜெனரேட்டர் இருமியது.

விளக்குகள் மங்கின. பிரகாசமாயின. மறுபடி மங்கின. வயசான மனுஷன் தொண்டையைக் கனைப்பது போல இரண்டு தரம் கனைத்துவிட்டு மெஷின் நின்றது. ஹாலில் எல்லாரும் ஒரே குரலில் "ச்சூ" என்றார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. புது வண்டி" என்று தலைவரும் மாப்பிள்ளையும் வக்கீலும் குடையோடு கொல்லைக்கு ஓடினார்கள். கயிற்றை இழுத்தார்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் குடை பிடிக்க, வக்கீல் கருத்துச் சொல்ல. கிளம்பவில்லை. மாப்பிள்ளை எதையோ கழற்றிச் சட்டையில் துடைத்தார். தலைவர் எல்லாக் குமிழையும் ஒரு தடவை திருகித் திரும்பப் பழைய இடத்தில் வைத்தார். தொப்பலாக நனைந்து உள்ளே வந்தபோது டீ தயாராக இருந்தது. நாத்தனார் அடுப்பை அணைத்து, குழாயை மூடி, எல்லாருக்கும் கொடுத்தாள். குடித்தார்கள். தெம்பாகப் போய் இழுத்தார்கள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"நான் அந்த ஸ்பார்க் பிளக்கத் தொடச்சேன்ல மச்சான்? அதான் விஷயம்!"

"மாப்ள, நீ இருக்கியே!" என்று தலைவர் அவரைத் தழுவிக்கொண்டார். "யாரங்க? இன்னொரு ரவுண்டு டீ!"

தலைவரம்மா அப்போது பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். இறங்கியிருந்த எண்கள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. அவை ஏற ஏறத்தான் அவளுக்கும் மூச்சு வந்துகொண்டிருந்தது. சமையலறையில் லைட்டர் 'டிக்டிக்' என்றது. வெந்நீர்க் குழாய் திறந்தது. கீசர் பற்றியது. ஜெனரேட்டர் இருமியது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். கொல்லையில் மெஷின் திணறிக்கொண்டிருக்க, அடுப்பில் சுடர்கள் எல்லாம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கித் தவித்தன. மெஷின் நின்றது. நின்ற அந்த நொடியே சுடர்கள் துள்ளிக் குதித்துப் பாத்திரத்தின் விளிம்பை நக்கின.

அவள் அடுப்பைப் பார்த்தாள். ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தாள். மறுபடி அடுப்பைப் பார்த்தாள். புரிவதற்குப் பெரிய படிப்பொன்றும் தேவைப்படவில்லை. கண் இருந்தால் போதும். ஒரே தட்டில் இரண்டு பேர் கை வைத்தால் யாருக்குப் பசி பெரிதோ அவர் பட்டினி.

நேரே கொல்லைக்குப் போனாள்.

"ஏங்க, அடுப்பும் கீசரும் எரிஞ்சா இது நின்னு போவுது. டீ போடுறத நிறுத்துனா ஓடும்."

தலைவர் ஸ்பானரோடு நிமிர்ந்தார். வாயில் ஒரு ஸ்குரு இருந்தது. அதை எடுத்துவிட்டு, பொறுமையே உருவாக, "இங்க பாரும்மா. அடுப்பு எங்க இருக்கு? சமையலறைல. ஜெனரேட்டர் எங்க இருக்கு? கொல்லைல. அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் ஒரே பைப்புங்க!"

"நான்தான் சொன்னேனே, கடல்னு."

"கடல் மீட்டர் வழியாத்தான வருது? பைப்புக்காரர் அன்னைக்கே சொன்னாருல்ல, மீட்டர் சின்னதுன்னு?"

"அவரு போன்ல யாருக்கோ சொன்னாரு."

வக்கீல் குடைக்குள்ளிருந்து தொண்டையைச் செருமினார். "அதாவது தலைவரம்மா, டீ போட்டப்போ நின்னுது. சரி. ஒத்துக்கறேன். ஆனா டீ போட்டதாலதான் நின்னுதுங்கறதுக்கு என்ன சாட்சி? மழை பெய்யும்போதும்தான் நின்னுது. நான் இங்க நிக்கும்போதும்தான் நின்னுது."

"அப்ப நீங்களும் போயிருங்க, பாத்துருவோம்" என்றாள்.

வக்கீல் வாழ்க்கையில் முதன்முறையாக மேல்முறையீடு செய்யாமல் வாயை மூடினார்.

"மெஷின் ஓய்வு கேக்குது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நாம டீ குடிச்சிட்டு வந்தா ஓடுதுல்ல? அது சூடு ஆறுது. ஆனா திரும்பத் திரும்ப இப்படின்னா உள்ளதான் கோளாறு. கார்புரேட்டரக் கழட்டிட வேண்டியதுதான்."

"கழட்டிரு மாப்ள."

"கழட்டாதீங்க!"

"நீ உள்ள போம்மா. போய் டீ என்னாச்சுன்னு பாரு."

கார்புரேட்டரைக் கழற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இதே மாப்பிள்ளை போன வருஷம் இதே வீட்டு மிக்ஸியைக் கழற்றினார். அது இன்னும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் இருக்கிறது.

உள்ளே வந்தாள். போர்வைக்குள் கையை விட்டுப் பெட்டியின் மூடியைத் தொட்டாள். காலையில் வெதுவெதுப்பாக இருந்த கண்ணாடி இப்போது வெறும் கண்ணாடியாக இருந்தது. காதை வைத்தாள். டொக். நெடுநேரம் கழித்து இன்னொரு டொக். அலுத்துப்போய்த் தட்டுகிற மாதிரி. உள்ளே இருக்கிற ஒருவன், கதவு திறக்கப்படும் என்கிற நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிற மாதிரி.

ரோஜாச் செடிக்கு அடியில் இன்னொரு குழி பறிக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. தலைவரோடு வாதாடுகிற உத்தேசமும் இல்லை. அதில் ஜெயித்தவர்கள் யாரும் இதுவரை இல்லை. கூட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தவர்கள்தான் உண்டு. மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

சமையலறையில் நாத்தனார் அடுத்த ஈட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா."

அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பிறகு ஒவ்வொரு குமிழாகப் பிடித்து இழுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதற்காக மாதா மாதம் கழற்றி மாட்டுகிற குமிழ்கள்தான். 'ப்ளக்', 'ப்ளக்' என்று சமர்த்தாகக் கையோடு வந்தன. எல்லாவற்றையும் மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கீசருக்குப் போகிற கேஸ் அடைப்பானை மூடினாள். அதன் கைப்பிடியும் ஆடியது, அதையும் கழற்றினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?" நாத்தனார் பால் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

"சுத்தம் பண்றேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கொல்லையில் மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்து, ஸ்பானரைக் கார்புரேட்டரில் கொடுத்துவிட்டிருந்தார். இன்னும் திருகவில்லை, அதற்கு முன்னால் செய்யவேண்டிய சிறு உரையை நிகழ்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கடைசியா ஒரே ஒரு இழுப்பு. பிடிக்கலன்னா தாராளமாக் கழட்டுங்க. நானே வாளி கொண்டு வர்றேன்."

வாளி என்றதும் மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. "இப்ப இழுத்தா பிடிக்காது தங்கச்சி. அதுக்கு இன்னும் ஓய்வு..."

"இழுங்கண்ணே."

குரலில் என்ன இருந்ததோ, மாப்பிள்ளை ஸ்பானரை எடுத்தார். எடுத்த கோபத்தில் மெஷினின் முதுகில் அதனாலேயே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கயிற்றை இழுத்தார்.

பிடித்துக்கொண்டது. கனைப்பில்லை, இருமலில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதிரியே தேனீயாக ரீங்கரித்தது.

"தட்டு!" என்று அலறினார் தலைவர். "அந்தத் தட்டு! எங்க தட்டணும்னு தெரிஞ்சிருக்கணும், அதுதான் வித்தை! மாப்ள!"

"அனுபவம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை, தன் ஸ்பானரைத் தானே வியந்து பார்த்தபடி.

வக்கீல் கைகொடுத்தார். ஹாலில் விளக்குகள் எரிந்தன, போன்கள் உயிர்பெற்றன. தலைவரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் தினமும் பத்துப் பேரிடம் பல்லைக் கடிக்காதீர்கள் என்று தான் சொல்வதை நினைத்துக்கொண்டு, உள்ளே போனாள். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

"எங்க டீ?" என்ற குரல் ஹாலிலிருந்து வந்தது. எதிர்பார்த்ததுதான்.

"டீ கிடையாது" என்றாள்.

தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்; சபை நடுவில் மனைவி தமாஷ் பண்ணுகிறாள் என்கிற சிரிப்பு.

"வெளையாடாத. இத்தன பேரு உக்காந்திருக்காங்க."

அவள் மழைக்கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து விரித்தாள். கருப்புக் குமிழ்கள் உள்ளங்கையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் கீசர் கைப்பிடி, குடும்பத் தலைவன் மாதிரி.

"என்னது இது?"

"அடுப்பு."

"மாட்டு."

"மாட்ட மாட்டேன்."

"ஏன்?"

இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பைப்பு, மீட்டர், சுடர், இருமல் எல்லாவற்றையும் வரிசையாக. ஹாலே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றத் தயாராகக் கையைத் தூக்கியிருந்தார்.

"ரிப்பேர்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு அந்த வீட்டில் மரியாதை இருந்தது. ரிப்பேர் என்றால் ஆண்கள் தலையை ஆட்டிக்கொண்டு விலகி நிற்பார்கள். மாப்பிள்ளை மட்டும், "நான் வேணா ஒரு பார்வை..." என்று எழுந்தார்.

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார்.

டீ இல்லாத வீட்டில் ஒரு சமூகம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. பச்சைத் தண்ணீரை இரண்டு தரம் மரியாதைக்குக் குடித்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவருக்கு மாடியில் துணி காய்வது ஞாபகம் வந்தது, மழையிலேயே. ஒருவருக்குப் போன் போதுமான அளவு நிறைந்துவிட்டது. வக்கீல் கடைசியாக எழுந்தார். அவர் போனபின் ஹாலில் அலங்கார விளக்குகளை அவள் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள். தலைவர் தடுக்கவில்லை, யாரும் பார்க்காத விளக்கில் அவருக்கு ஆர்வம் கிடையாது.

இருட்டுகிற வேளையில் ஓடு விரிந்த முட்டையிலிருந்து ஒரு சின்ன அலகு வெளியே நீண்டது. அது நின்றது, யோசித்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. ஓட்டின் தொப்பி கழன்று விழ, நனைந்த பழைய துணி மாதிரி ஒன்று வெளியே சரிந்து படுத்து, தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, கத்தியது. பக்கத்து முட்டை உள்ளேயிருந்து பதில் கத்தியது. தலைவரம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நாத்தனார் பக்கத்தில் வந்து குந்தி, "ஐயோ அண்ணி, பாருங்களேன், மூக்கப் பாருங்களேன்" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு மனுஷன் முகமாகவே இருந்தது. பிறகு போனை எடுத்தார்.

"அன்பான தெரு மக்களே. நமது ஜெனரேட்டர் இன்று ஒரு வாத்துக் குஞ்சு பொரித்துள்ளது..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"... இதில் நான் கற்ற பாடம் ஒன்றைப் பகிர்கிறேன். மெஷின் ஓடும்போது டீ கேட்கக் கூடாது. கவனம் சிதறுகிறது. நாம் டீ டீ என்று அலைந்தபோதெல்லாம் அது நின்றது. டீயை நிறுத்தினோம், ஓடுகிறது. அனுபவத்தில் சொல்கிறேன்."

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் மீட்டரும் பைப்பும் கீசரும் முண்டியடித்துக்கொண்டு நின்றன. இரண்டாவது முட்டையில் ஒரு விரிசல் ஓடியது. வாயை மூடிக்கொண்டாள். காரணம் தப்பாக இருந்தாலும் டீ நின்றது அல்லவா?

"உங்க ஆள்கிட்ட சொல்லி அந்த மீட்டர மட்டும் மாத்திருங்க" என்றாள், மெதுவாக.

"எதுக்கு? நல்லாத்தான ஓடுது?"

அவள் மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை. மாப்பிள்ளை ஹாலில் ஸ்பானரை மடியில் வைத்தபடி தூங்கிப் போயிருந்தார். கொல்லையில் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எண்கள் அசையாமல் நின்றன. தலைவர் கொட்டாவி விட்டார். இரண்டு தரம் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பதவி, கம்பீரம் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா... தெருக் கரண்ட் வந்தப்புறமாவது ஒரு டீ கிடைக்குமா?"

அவள் கோட்டுப் பைக்குள் குமிழ்களை உருட்டினாள். அவை ஒன்றோடொன்று மோதிக் கிளிக், கிளிக் என்றன.

"கரண்டுக்கும் அடுப்புக்கும் என்னங்க சம்பந்தம்?"